கட்டில் வாடகைக்கு, குளிர் இலவசம்

பொத்தேரி ரயில் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு நோட்டீஸ் கண்ணில் படும். மின்கம்பம், காம்பவுண்டுச் சுவர், டீக்கடைத் தூண் என்று எதையும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். "ஏசி, நான் ஏசி. 2, 3, 5 ஷேரிங். வைஃபை, ஆர்ஓ தண்ணீர், வாஷிங் மெஷின், சிசிடிவி, மூணு வேளை சாப்பாடு." கீழே ஒரு கைப்பேசி எண். பத்து நோட்டீஸ் படித்தால் பத்திலும் இதே பட்டியல்தான், வரிசை மட்டும் மாறும். மனிதர்கள் இரவில் வந்து தூங்குவதற்காகவே நடத்தப்படும் ஓர் இடத்தின் விளம்பரத்தில் இரண்டு சொற்களை மட்டும் நான் பார்த்ததே இல்லை. ஒன்று தலையணை, இன்னொன்று போர்வை.

"இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். நாட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்க, பிஜி ஹாஸ்டலில் போர்வை தருகிறார்களா இல்லையா என்பது ஒரு பிரச்சினையா என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. விடுதி என்ற பெயரில் நமக்கு விற்கப்படுவது இரும்புச் சட்டமும் ஒரு பிளைவுட் பலகையும்தான். தூக்கத்தை நாமே வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கட்டிக்கொண்டு போக முடியாதவன் விறைத்துக்கொண்டு படுக்கிறான். அதை அவன் வெளியில் சொல்வதும் இல்லை. அந்த மௌனத்தின் மேல்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

*

முதலில் அந்தச் சிரிப்பைச் சமாளித்துவிடுகிறேன். பொத்தேரியில் குளிரா? ஊட்டியா அது, கொடைக்கானலா? செங்கல்பட்டு மாவட்டத்தில் மே மாத இரவு எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். மார்கழியிலேயே விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். டெல்லிக்காரன் கேட்டால் இதைக் கோடைக்காலம் என்பான்.

ஆனால் தூங்குகிற உடம்பு கணக்குப் போடும் முறை வேறு. துணியில்லாமல், காற்று அசையாத அறையில் சும்மா படுத்திருக்கும் மனித உடம்பு எந்தக் கூடுதல் முயற்சியும் இல்லாமல் தன் சூட்டைக் காத்துக்கொள்ள வேண்டுமென்றால், சுற்றிலும் ஏறக்குறைய 28 முதல் 30 டிகிரி வரை இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உடை வேண்டும், அசைவு வேண்டும், இல்லையென்றால் நடுக்கம் வேண்டும். தூங்குபவன் அசைவதில்லை. அவன் உடம்பு வெளியே விடும் வெப்பம் எழுபது எண்பது வாட், ஒரு பழைய குண்டு பல்பு அளவு. அந்தப் பல்பின் சூட்டைப் பிடித்து வைக்க ஏதாவது ஒன்று மேலே கிடக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். இரவு முழுக்க நம் உள்வெப்பம் மெதுவாக இறங்கி, விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்புதான் அடிமட்டத்தைத் தொடுகிறது. கனவுகள் அதிகம் வரும் உறக்கக் கட்டமும் இரவின் பின்பாதியில்தான் நீளமாக வருகிறது. அந்தக் கட்டத்தில் உடம்பு நடுங்கும் திறனையும் வியர்க்கும் திறனையும் பெருமளவு இழந்துவிடும். அதாவது நாலு மணிக்கு, எப்போது நமக்குக் கதகதப்பு அதிகம் தேவையோ அப்போது, உடம்பு தன் காவலைக் கைவிட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் காவலுக்கு நிற்பது போர்வை மட்டும்தான்.

இப்போது பொத்தேரிக்கு வாருங்கள். ஏசி இல்லாத மேல்தள அறை. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட் கூரை நடுராத்திரி வரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். சட்டையைக் கழற்றி, தரையில் தண்ணீர் தெளித்து, ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுப் படுப்பான். மூன்று மணிக்கு மேல் கூரை ஆறிவிடும். வியர்வையில் நனைந்த விரிப்பு முதுகுக்குக் கீழே ஜில்லென்று கிடக்கும். ஃபேன் இன்னமும் ஐந்தில்தான் சுற்றும். சுவிட்ச் கதவுப் பக்கம் இருக்கிறது. எழுந்து போய்க் குறைத்தால் எதிர்க் கட்டிலிலிருந்து "யார்ரா அது?" என்று ஒரு குரல் வரும். எனவே முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துச் சுருண்டுகொள்வான். போர்வை கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே மனிதன் கண்டுபிடித்த போர்வை அதுதான்.

ஏசி அறை என்றால் கதை இன்னும் மோசம். ஐந்து பேர் அறையில் இரண்டு அடுக்குக் கட்டில்கள், ஓர் ஒற்றைக் கட்டில். ஏசி கூரையை ஒட்டி மாட்டியிருக்கும். மேல் கட்டிலில் இருப்பவனுக்கு அது நேராக முகத்தில் ஊதும். கீழே, சுவரோரம் கிடப்பவனுக்கு ஒன்றும் வராது. அவன் "மச்சி, 18 வை" என்பான். எங்கள் தொழிலில் இதற்குக் குளோபல் வேரியபிள் என்று பெயர். ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறிவிடும், யார் மாற்றினார்கள் என்றும் தெரியாது. நல்ல புரோகிராமர் அதைத் தவிர்ப்பார், அல்லது அவரவருக்கென்று ஒரு லோக்கல் வேரியபிள் கொடுப்பார். ரிமோட் ஒன்று, உடம்பு ஐந்து என்கிற அறையில் அவரவர் வெப்பநிலையை அவரவர் முடிவு செய்ய இருக்கும் ஒரே கருவி போர்வைதான். ஏசியை விற்றுவிட்டுப் போர்வையைக் கொடுக்காமல் இருப்பது, ஆக்ஸிலரேட்டர் மட்டும் வைத்து வண்டி விற்பதற்குச் சமம்.

*

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொறியியல் முடித்து முதல் வேலையில் சேர்ந்தபோது பொத்தேரியில் ஓர் ஐந்து பேர் ஏசி அறையில் ஒரு வருடம் இருந்தேன். எங்கள் அறையின் மேல் கட்டில் ஒன்றுக்கு ஒரு பையன் வந்தான். டிப்ளமோ முடித்து, மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டிரெய்னி. ஏசி இல்லாத அறைதான் அவன் கேட்டது. அந்த மாதம் காலியாக இருந்தது எங்கள் அறையின் அந்தக் கட்டில் மட்டும். வந்த அன்று அவன் கையில் ஒரு டிராவல் பேக், ஒரு பிளாஸ்டிக் பாய், ஒரு மெல்லிய துண்டு. நாங்கள் நால்வரும் ஜிஎஸ்டி சாலைக் கடையில் சுருட்டி வைத்திருக்கும் ஃபோம் மெத்தையை அப்பாவோடு போய் வாங்கி வந்தவர்கள். என்னிடம் அம்மா கொடுத்தனுப்பிய கனமான போர்வை இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டு ஏசியை 18-இல் வைத்துத் தூங்குவது எனக்குப் பிடிக்கும். ரிமோட் என்னிடம்தான் இருக்கும். ஏன் என்னிடம் இருந்தது என்று நான் யோசித்ததில்லை. நான் சாஃப்ட்வேர், அவன் டிரெய்னி, அவ்வளவுதான்.

அவன் ஜீன்ஸ் பேன்ட்டோடு தூங்குவான். ஷிஃப்ட் முடிந்து வந்த அலுப்பு, மாற்றச் சோம்பல் என்று நினைத்தோம். கிண்டல்கூடச் செய்தோம். ஏழெட்டு வருடம் கழித்து ஒரு பொது நண்பனின் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்: "அந்த வருஷம் முழுக்க ஜீன்ஸோடயேதான் படுத்தேன், ஞாபகம் இருக்கா? போத்திக்க ஒண்ணுமில்லடா. சம்பளம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிருவேன். அடுத்த மாசம் வாங்கிக்கலாம், அடுத்த மாசம் வாங்கிக்கலாம்னே வருஷம் போயிருச்சு. உன் ஏசி இருக்கே, அப்பப்பா."

உன் ஏசி என்றான். அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, அதனால்தான் இன்றும் உறுத்துகிறது. "ஏண்டா அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். "இதப் போய் எப்படிடா சொல்றது?" என்றான்.

இதைத் தனிமனிதக் குற்ற உணர்ச்சியாகச் சுருக்கி, "ஆகவே நண்பர்களே, அறைத்தோழனைக் கவனியுங்கள்" என்று முடித்தால் கட்டுரை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது தப்பிப்பு. போர்வை பக்கத்துக் கட்டில்காரனின் கருணையாக இருக்கக் கூடாது. அவன் அந்தக் கட்டிலுக்கு மாதாமாதம் பணம் கொடுத்தான். கேட்காமலே கிடைத்திருக்க வேண்டிய ஒன்றைக் கேட்க வெட்கப்பட்டுக் குளிரில் கிடந்தான். வெட்கப்பட்டிருக்க வேண்டியது வேறு யாரோ.

*

போன வருடம் அக்கா மகனுக்கு இடம் பார்க்க மறுபடி பொத்தேரி போனேன். ஒரு விடுதியின் உரிமையாளரிடம் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கேட்டேன்: "பெட்ஷீட், தலகாணி குடுப்பீங்களாண்ணா?" அவர் பக்கத்திலிருந்த மேனேஜரைப் பார்த்துச் சிரித்தார். "இது லாட்ஜ் இல்ல சார், ஹாஸ்டல். அதெல்லாம் அவங்கவங்க கொண்டு வரணும்."

அந்த வாக்கியத்தை வீடு வரும் வரை அசைபோட்டுக்கொண்டே வந்தேன். லாட்ஜ் இல்லை, சரி. அப்படியென்றால் இது என்ன?

விடுதிகளே அதற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்லியிருக்கின்றன. மாணவிகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் விடுதி நடத்துபவர்கள், எங்களுக்கு ஜிஎஸ்டி வரி போடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். எங்கள் விடுதி ஓட்டல் மாதிரி இல்லை, அங்கே இருப்பவர்களுக்கு அது குடியிருப்பு என்பது வாதம். 2024 மார்ச்சில் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. தங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது அவர் வசிக்கும் இடம்தான் என்றது. அதே ஆண்டு ஜூன் மாதம் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், கல்வி நிறுவனத்துக்கு வெளியே இருக்கும் விடுதிகளிலும், ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் வரி கிடையாது என்று முடிவெடுத்தது. நல்ல முடிவு. நான் வரவேற்கிறேன். அந்த வரி கடைசியில் மாணவன் தலையில்தான் விழுந்திருக்கும்.

ஆனால் பாருங்கள், ஜிஎஸ்டி வரிக்கு முன்னால் வீடாக இருக்கும் இடம், ஜிஎஸ்டி சாலைக்கு வந்ததும் வெறும் கட்டிலாகிவிடுகிறது. வீடு என்றால் வீட்டில் போர்வை இருக்கும். லாட்ஜ் என்றால் லாட்ஜிலும் போர்வை இருக்கும். இரண்டும் இல்லாத ஒரு மூன்றாவது பொருளை இவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். சலுகைக்கு வீடு, பொறுப்புக்கு யாரோ.

சட்டம் படுக்கையைப் பற்றிப் பேசியதே இல்லை என்று நினைக்காதீர்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் 2016-இல் வெளியான மாதிரி விதிகளில், குழந்தைகள் இல்லங்களில் ஒவ்வொரு குழந்தைக்கும் மெத்தை, விரிப்பு, தலையணை, உறை, போர்வை, கொசுவலை தர வேண்டும் என்று பட்டியலே இருக்கிறது. அதே ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிச் சிறைக் கையேட்டில் கைதிகளின் உடைக்கும் படுக்கைக்கும் விதிகள் இருக்கின்றன. நடைமுறையில் எவ்வளவு கிடைக்கிறது என்பது வேறு சண்டை. காகிதத்திலாவது இருக்கிறது, கேட்கலாம். தமிழ்நாட்டில் 2014-இல் விடுதிகளுக்கென்று ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன் பெயரிலேயே பெண்களும் குழந்தைகளும் மட்டும்தான் இருக்கிறார்கள். பக்கத்துக் கூடுவாஞ்சேரியில் அரசின் தோழி விடுதி இருக்கிறது, அதுவும் பெண்களுக்கு. அவை வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். ஆனால் பொத்தேரியில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் மாதாமாதம் பணம் கட்டிப் படுக்கும் கட்டிலின் மேல் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் ஆளில்லை.

ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி பெட்டிக் கம்பளிகள் மாதம் ஒருமுறையாவது துவைக்கப்படுகின்றன என்று 2024 நவம்பரில் ரயில்வே அமைச்சர் மக்களவையில் சொன்னார். "மாசத்துக்கு ஒருக்காவா!" என்று பலர் முகம் சுளித்தார்கள். நியாயமான சுளிப்பு. ஆனால் ஒரே ஓர் இரவு போர்த்தும் கம்பளிக்காக ஓர் அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நாலு வருடம் படுக்கும் கட்டிலுக்கு யாரிடம் கேட்பது?

*

உரிமையாளர்களின் பதில்கள் எனக்கு மனப்பாடம்.

"அடுத்தவன் போத்துனத எவன் சார் போத்துவான்?" சுகாதாரம் பற்றிய இந்த அக்கறை என்னை நெகிழவைக்கிறது. ஏனென்றால் மெத்தை கொடுக்கும் விடுதிகளில் அந்த மெத்தை எத்தனை தலைமுறை முதுகுகளைப் பார்த்தது என்று அவர்களுக்கே தெரியாது. பாஸ் அவுட் ஆகும் அண்ணன் விட்டுப்போன மெத்தை அடுத்த வருடத் தம்பிக்கு. அதோடு மூட்டைப்பூச்சியும் சீதனமாக வரும். மெத்தையின் தையல் மடிப்பிலும் கட்டிலின் போல்ட் ஓட்டையிலும் ஒளிந்துகொள்ளும் அந்தப் பூச்சி, ரத்தமே குடிக்காமல் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கோடை விடுமுறையில் அறை பூட்டிக் கிடந்தால் பட்டினியில் செத்துவிடும் என்பது நம் ஆசை. மெத்தையை மொட்டை மாடியில் போட்டு ஒருநாள் வெயில் காட்டினாலும் முழுசாகப் போகாது, உள்மடிப்பு வரை சூடு இறங்காது. ஐம்பது டிகிரிக்கு மேல் சூடு உள்ளே வரை இறங்க வேண்டும். துணியை வெந்நீரில் துவைத்துக் காயப்போட வேண்டும். மெத்தைக்குக் கழற்றித் துவைக்கும் உறை வேண்டும். இதையெல்லாம் ஒரு பையன் ஒரு பக்கெட்டை வைத்துக்கொண்டு செய்ய முடியாது. ஒரே நேரத்தில் ஒரு கட்டடம் முழுக்கச் செய்தால்தான் பலன். அதாவது, சுகாதாரம்தான் பிரச்சினை என்றால் படுக்கை விடுதியின் பொறுப்பாக இருப்பதுதான் அதற்குத் தீர்வு.

"தூக்கிட்டுப் போயிடுவானுங்க." அட்வான்ஸ் என்று ஒரு தொகை வாங்குகிறீர்களே, காலி செய்யும்போது மெயின்டெனன்ஸ் என்று பிடித்தும் கொள்கிறீர்களே, அது எதற்கு? பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையைப் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்லவேளை, அவர் மயிலிடம் அட்வான்ஸ் கேட்கவில்லை. அட்வான்ஸ் வாங்கியும் போர்வை தராதவர்களை எந்த வள்ளல் பட்டியலில் சேர்ப்பது?

"இந்த வாடகைக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது." கணக்குப் போடுவோம். நாலைந்து நூறு ரூபாய்க்கு ஒரு பருத்திப் போர்வை என்று வையுங்கள், இரண்டு வருடம் வரும் என்று வையுங்கள். மாதத்துக்கு இருபது ரூபாய் சொச்சம். விரிப்பு, உறை, சலவை எல்லாம் சேர்த்தாலும் அந்த மாத வாடகையில் மிகச் சிறிய பங்கு. அதுவும் எந்த மாநிலத்தில்? கரூர் உலகத்துக்கே வீட்டுத்துணி ஏற்றுமதி செய்யும் ஊர். சென்னிமலைப் பெட்ஷீட், பவானி ஜமக்காளம், பத்தமடைப் பாய் என்று ஊர்ப் பெயரே படுக்கைக்கு அடைமொழியாக இருக்கும் மாநிலம். இங்கே போர்வைக்குப் பஞ்சமா?

இன்னொன்றும் உண்டு. 2020 ஜனவரி முதல் விற்கப்படும் அறை ஏசிகள் இயல்பாகவே 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. ஏசியை ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் மின்சாரம் ஏறக்குறைய ஆறு சதவீதம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. ரிமோட்டை 18-இல் வைப்பதால் சாதாரண ஏசி வேகமாகக் குளிர்விக்காது, அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். 25-இல் நிறுத்திவிட்டு ஆளுக்கொரு மெல்லிய போர்வை கொடுத்தால் மின்கட்டணத்திலேயே போர்வைக் காசு வந்துவிடும். "ஏசி இரவு 9 முதல் காலை 5 வரை மட்டும்" என்று சுவரில் எழுதி ஒட்டத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்காது. போர்வை நோட்டீஸில் பளிச்சென்று தெரியாது, ஏசி தெரியும். அதுதான் காரணம்.

*

உரிமையாளரைத் திட்டுவது சுலபம். எனக்கு அவரைவிட அதிகக் கோபம் நம் ஆட்கள் மேல்தான். நம் ஆட்கள் என்றால் படிக்கிறவர்கள், எழுதுகிறவர்கள், இந்த மாதிரி இதழ்களில் கட்டுரை போடுகிறவர்கள்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பற்றி எவ்வளவு ஏக்கத்தோடு எழுதியிருக்கிறோம்! மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தது, ஒரே அறையில் எட்டுப் பேர் கிடந்தது, பகல் ஷிஃப்ட்காரன் எழுந்த சூட்டிலேயே இரவு ஷிஃப்ட்காரன் படுத்தது. எல்லாமே அனுபவம், எல்லாமே பிற்பாடு இலக்கியம். "அந்தக் கஷ்டம்தான் என்னை உருவாக்கியது" என்பது ஒரு தலைமுறையின் தேசிய கீதம். நான் கேட்கிறேன், கஷ்டம் உங்களை உருவாக்கியது என்று எப்படித் தெரியும்? கஷ்டத்தை மீறி நீங்கள் உருவாகியிருக்கலாம் அல்லவா? அந்த மேன்ஷனில் உங்கள் பக்கத்தில் படுத்திருந்து, தூக்கமில்லாமல், சளியும் இருமலுமாக, பரீட்சையில் கோட்டைவிட்டு ஊர் திரும்பியவன் கட்டுரை எழுதவில்லை. எழுதுபவன் எப்போதும் தப்பித்தவன். தப்பித்தவனின் நினைவை வைத்துக்கொண்டு மாட்டிக்கொண்டவனுக்கு உபதேசம் செய்வது அசிங்கம்.

இந்த ஏக்கத்தால் ஆதாயம் அடைவது யார்? "எங்க காலத்துல பாயில படுத்தோம்" என்று அப்பா சொல்கிறார். "உங்கப்பாவே சொல்றாரு பாரு தம்பி" என்று விடுதிக்காரர் சொல்கிறார். பையன் வாயை மூடிக்கொள்கிறான். உங்கள் நனவிடை தோய்தல் ஒருவருடைய லாபக் கணக்கில் வரவாகப் போய்ச் சேருகிறது. பாய் மேல் எனக்குப் பகையில்லை. நல்ல கோரைப்பாய் சித்திரை மாத இரவில் எந்த ஃபோம் மெத்தையையும் தோற்கடிக்கும். தானாக விரும்பிப் பாயில் படுப்பது வேறு, மெத்தைக்கும் சேர்த்து வாடகை கொடுத்துவிட்டுப் பாயில் படுப்பது வேறு.

மலிவு விடுதிகளைச் சட்டத்தால் ஒன்றும் செய்ய முடியாது என்ற சலிப்பும் நம்மிடம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஏழைகள் ஓரிரவு தங்கும் பொதுத் தங்குவிடுதிகளைப் பதிவு செய்ய வேண்டும், அதிகாரிகள் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டது 1851-இல். வாடகை மலிவு என்பதற்காக அன்று யாரும் அந்த இடங்களைக் கண்காணிப்பிலிருந்து விட்டுவிடவில்லை.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூருக்குப் போவோம். 2021 டிசம்பரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் உடம்பு சரியில்லாமல் போனதும், சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். சோற்றில் தொடங்கிய கோபம் அவர்கள் தங்கவைக்கப்பட்டிருந்த அறைகள் வரை போனது. தொழிலாளர்களுக்கான சில தங்கும் அறைகளும் உணவுக்கூடங்களும் தங்கள் தரத்துக்கு இல்லை என்று அந்த மாதமே ஆப்பிள் நிறுவனம் ஒத்துக்கொண்டது, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. அதுவே சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தரையில் படுத்த பெண்கள் அதை அனுபவம் என்று பெயரிட்டு ஞாபகத்தில் போட்டு வைக்கவில்லை. ரோட்டுக்கு வந்தார்கள். படித்த நம்மைவிட அவர்களுக்குத் தங்கள் தூக்கத்தின் விலை தெரிந்திருந்தது.

*

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. கட்டில் என்று விலை சொன்னால் அதில் மெத்தை, கழற்றித் துவைக்கும் உறை, தலையணை, விரிப்பு, போர்வை அடங்க வேண்டும். வாரம் ஒருமுறை விரிப்பும் மாதம் இருமுறை போர்வையும் துவைத்துத் தர வேண்டும். புது ஆள் வரும் முன் மெத்தையில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் கட்டிலின் முகத்தில் நேராக ஊதாதபடி ஏசியைத் திருப்பி மாட்ட வேண்டும். ஆண்கள் விடுதிகளையும் பதிவுக்கும் ஆய்வுக்கும் உட்படுத்தும் சட்டம் வேண்டும், அதில் படுக்கைக்கு ஒரு பட்டியல் வேண்டும். சொந்தப் போர்வையில்தான் தூக்கம் வரும் என்பவர்கள் தாராளமாகக் கொண்டுவரட்டும். நானும் கொண்டுபோவேன், அம்மா போர்வையின் வாசனை வேறு. ஆனால் அது ஆசையாக இருக்கட்டும், நிபந்தனையாக இருக்க வேண்டாம்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை ஒரு வேலை செய்யலாம். ஜூலை, ஆகஸ்டில் பொத்தேரியில் கூட்டம் அலைமோதும். அப்பா, அம்மா, பெட்டி, பக்கெட் சகிதம் ஒவ்வொரு விடுதியாக ஏறி இறங்குவார்கள். வைஃபை வேகம் கேட்பார்கள், சாப்பாட்டு மெனு கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களோ உங்கள் தம்பியோ இருந்தால், அட்வான்ஸ் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுப்பதற்கு முன், சத்தமாக, பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேளுங்கள்: "போத்திக்க என்ன குடுப்பீங்க?"

உங்களிடம் நல்ல போர்வை இருந்தாலும் கேளுங்கள். பின்னால் ஒருவன் பிளாஸ்டிக் பாயோடு நின்றுகொண்டிருப்பான், அவனால் அதைக் கேட்க முடியாது. உரிமையாளர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும். அடுத்து வருபவரும் அதையே கேட்கட்டும், அதற்கடுத்தவரும் கேட்கட்டும். ஒரே நாளில் எத்தனை தடவைதான் சிரிப்பார், பார்த்துவிடலாம்.